மூலிகைக்கு மரியாதை உண்டு, ஃபார்வர்டுக்குக் கிடையாது



கொஞ்சம் நீளமான பதிவு. டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே படியுங்கள். இடையில் கோபம் வந்தால், முழுதும் படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள். கேள்வி கேட்கும் உரிமையை வகுப்பிலேயே கொடுத்த டீச்சர்தான் நான்.

ஒரே செய்தி இந்த வாரம் மூன்று குழுக்களில் வந்தது. பழைய மாணவர் குழு, குடும்பக் குழு, காலை நடைப்பயிற்சிக் குழு. சாரம் இதுதான்: அமெரிக்கப் பூர்வகுடிகள் காட்டு மூலிகைகளை மட்டுமே வைத்து நோயில்லாமல் வாழ்ந்தார்களாம். நம் முன்னோர்களும் அப்படித்தானாம். சர்க்கரை, மஞ்சள் காமாலை, பாம்புக்கடி, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் மருந்து கொல்லைப்புறத்திலேயே இருக்கிறதாம். பக்க விளைவே கிடையாதாம். மருந்துக் கம்பெனிகள் மறைக்கிறார்களாம். கடைசியில் "பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று ஒரு கட்டளை, அதற்குக் கீழே கேப்ஸ்யூல் விற்கிறவரின் போன் நம்பர்.

அதற்கு "அருமை ஐயா", "நம் பாரம்பரியம்" என்று கை கூப்பிய படங்கள் நாற்பது. அதில் பாதிப் பேர் என்னிடம் தாவரவியல் படித்தவர்கள்! அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் மூலிகைக்கு எதிரி இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்தில் பிறந்த எவரும் மூலிகைக்கு எதிரியாக இருக்க முடியாது. இந்த ஊர்கள் தோலால் வாழ்ந்தவை என்றால், அந்தத் தோல் செடியால் வாழ்ந்தது. குரோம் வருவதற்கு முன்னால் நம் டேனரிகளில் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். ஆவாரைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரே தோல் பதனிடுபவரின் செடி என்று பொருள்படும். இரண்டுமே வைத்தியத்திலும் இருக்கின்றன. ஆவாரம்பூவைக் கஷாயம் வைக்கிறோம், கடுக்காயைப் பொடித்து வைத்துக்கொள்கிறோம்.

தோல் தொட்டிக்கும் வயிற்றுக்கும் ஒரே பொருள் எப்படிப் பொருந்துகிறது? இரண்டிலும் இருப்பது டானின், நாம் நாக்கில் துவர்ப்பு என்று உணர்வது. டானின் புரதத்தைப் பிடித்து இறுக்கும். ஆட்டுத்தோலில் உள்ள புரதத்தோடு பிணைந்தால் தோல் அழுகாமல் லெதராகிறது. எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்தால் வாய் சுருங்குகிறது. குடலின் மேற்பரப்பில் வேலை செய்தால் பேதி கட்டுப்படுகிறது. அதே டானின் அளவு மீறினால், உணவில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அது கெடுதல்.

ஒரு தோலையே லெதராக்கும் பொருளுக்குச் சக்தி இருக்கிறது. சக்தி இருந்தால் அளவும் இருந்தாக வேண்டும், ஆகாதவர் பட்டியலும் இருந்தாக வேண்டும். "விளைவு உண்டு, பக்க விளைவு கிடையாது" என்று ஒருவர் சொன்னால், அவர் மூலிகையைப் புகழவில்லை. அதைப் பச்சைத் தண்ணீராக்கி அவமானப்படுத்துகிறார்.

சரி, அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு வருவோம். அவர்கள் அறிவு பொய்யா? இல்லவே இல்லை. 1535-36 குளிர்காலத்தில் பிரெஞ்சு மாலுமி ழாக் கார்த்தியே, இன்றைய கனடாவின் கியூபெக் அருகே பனியில் மாட்டிக்கொண்டார். கப்பலில் ஸ்கர்வி நோய். ஈறு அழுகி, கால் கறுத்து 25 பேர் செத்தார்கள். அந்த ஊர்ப் பூர்வகுடியினர், ஒரு ஊசியிலை மரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். குடித்தவர்கள் சில நாட்களில் எழுந்து நடந்தார்கள். வைட்டமின் சி என்ற பெயரே அப்போது உலகத்தில் கிடையாது. ஐரோப்பா அந்தப் பாடத்தை மறந்துவிட்டு, அதற்குப் பிறகும் 200 ஆண்டுகள் மாலுமிகளைச் சாகக் கொடுத்தது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆளுக்கொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் விரைவில் தேறினார்கள்.

இந்தக் கதையை ஃபார்வர்டு அனுப்புகிறவர்களை விட நான் அதிகம் கொண்டாடுவேன். ஆனால் அதில் இருக்கும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அது கண்ணுக்குத் தெரிகிற நோய், நாலைந்து நாளில் கண்ணுக்குத் தெரிகிற குணம். அப்படிப்பட்ட இடத்தில் அனுபவ அறிவு பிரமாதமாக வேலை செய்யும். இரண்டு, அது எந்த மரம் என்று அறிஞர்கள் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் மட்டும் குறிப்பில் மிஞ்சியது, மரத்தின் அடையாளம் தொலைந்துவிட்டது. அந்தக் காடுகளில் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் ஊசியிலை மரங்களில் விஷமுள்ளவையும் உண்டு. ஆக, ஆளும் செடியும் அளவும் பக்குவமும் சேர்ந்து இருந்தால்தான் அது மருத்துவம். வெறும் செடிப் பெயர் மருத்துவம் ஆகாது.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த வட அமெரிக்கக் காட்டுச் செடிகளில் சில நம் தெருவிலேயே இருக்கின்றன. வரப்பிலும் மைதானத்து ஓரத்திலும் மஞ்சள் நடுவோடு சின்ன வெள்ளைப் பூ பூக்குமே, வெட்டுக்காயப் பூண்டு, சிலர் கிணற்றடிப் பூண்டு என்பார்கள், பூவின் தலையை விரலால் தட்டித் தெறிக்கவிட்டு விளையாடுவீர்களே, அதன் தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும். மஞ்சள் பூவும் முள் இலையுமாகப் பாலாற்று ஓரத்தில் நிற்கும் பிரமதண்டும் அங்கிருந்து வந்ததுதான். அதன் தாவரவியல் பெயர் ஆர்ஜிமோன் மெக்சிகானா. பெயரிலேயே ஊர் இருக்கிறது. இரண்டுமே கடந்த ஐந்நூறு ஆண்டுகளுக்குள் கடல் தாண்டி வந்தவை.

வந்த செடியை நம் வைத்தியர்கள் பார்த்தார்கள், கசக்கினார்கள், பூசிப் பார்த்தார்கள், எதற்கு ஆகும் என்று முடிவு செய்து சேர்த்துக்கொண்டார்கள். அப்படியென்றால் நம் வைத்திய மரபு மூடிய பெட்டி கிடையாது, புதியதைச் சோதித்துப் பார்த்த மரபு. சோதிக்காமல் நம்பு என்று சொல்கிறவர்தான் அந்த மரபுக்கு அந்நியர்.

அந்தப் பிரமதண்டைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். அதன் விதை கடுகு மாதிரியே இருக்கும். 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இந்த விதையின் எண்ணெய் கலந்துவிட்டது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் பழுதாகி ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் இருக்கும் முக்கியமான விஷத்துக்குப் பெயர் சாங்குவினரின்.

இதே சாங்குவினரின் வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் இருக்கும் இன்னொரு செடியிலும் உண்டு. கிழங்கை ஒடித்தால் ரத்தம் போலச் சிவப்புச் சாறு வரும், அதனால் ரத்தவேர் என்று பெயர். இரண்டும் ஒரே பாப்பிக் குடும்பம். பூர்வகுடிகள் அந்தச் சாற்றைச் சாயமாகவும் மருந்தாகவும் அளவறிந்து பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில் வியாபாரிகள் அதைக் களிம்பாக்கி, தோல் புற்றுநோய் தீரும் என்று விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். அந்தக் கறுப்புக் களிம்பு நல்ல சதையையும் சேர்த்து அரித்துவிடும். மேலே பொருக்குக் கட்டி ஆறியது போலத் தெரியும், அடியில் புற்று வளர்ந்துகொண்டிருக்கும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பூர்வகுடி மூலிகை என்று உங்களுக்கு வரும் செய்தியில் இந்தப் பாதி இருக்காது.

அடுத்தது ஆடுதீண்டாப்பாளை. எதையும் மேயும் ஆடே தொடாது என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்தார்கள் நம் பெரியவர்கள். நாட்டு வைத்தியத்தில் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் சொல்வார்கள். விசித்திரம் பாருங்கள், இதே இனத்தைச் சேர்ந்த வர்ஜீனியா பாம்புவேரை வட அமெரிக்கப் பூர்வகுடிகளும் பாம்புக்கடிக்குத்தான் வைத்திருந்தார்கள். இரண்டு கண்டங்களில், ஒருவரை ஒருவர் பார்க்காத மக்கள், ஒரே இனச் செடியை ஒரே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். "இரண்டு பக்கமும் ஒன்றைச் சொன்னால் அது உண்மைதானே டீச்சர்?" என்று கேட்பீர்கள்.

கேளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஒரு உடல் இளைப்புச் சிகிச்சையில் சீன மூலிகைக் கலவை கொடுத்தார்கள். அதில் ஒரு வேருக்குப் பதிலாக, பெயர் ஒத்துப்போனதால், இந்த ஆடுதீண்டாப்பாளை இனத்து வேர் கலந்துவிட்டது. சுமார் நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் வகையில் வைத்திருக்கிறது.

இங்கேதான் "ஆயிரம் வருஷமாகச் சாப்பிடுகிறார்கள், யாருக்கு என்ன ஆயிற்று?" என்ற கேள்வி உடைகிறது. இன்றைக்குச் சாப்பிட்டு இன்றைக்கே வாந்தி எடுத்தால், அந்தச் செடி விஷம் என்று பாட்டி கண்டுபிடித்துவிடுவாள். இன்றைக்குச் சாப்பிட்டுப் பத்து வருஷம் கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால், எந்தப் பாட்டியாலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் அறிவில் குறையில்லை, அவளிடம் ரத்தப் பரிசோதனை இல்லை, பதிவேடு இல்லை. பத்து வருஷத்தில் வரும் தீங்கை ஆயிரம் வருஷ அனுபவமும் பார்க்காது.

பாம்புக்கடி பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் மலையோரக் கிராமங்களில் இது உயிர்ப் பிரச்சினை. எல்லாப் பாம்புக்கும் விஷம் கிடையாது. விஷப்பாம்பும் எல்லாக் கடியிலும் விஷத்தைச் செலுத்துவதில்லை. அப்படிக் கடிபட்டவருக்குப் பச்சிலை கொடுத்தாலும் பிழைப்பார், பால்கோவா கொடுத்தாலும் பிழைப்பார். பெயர் பச்சிலைக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் பாம்பையும் பச்சிலையையும் இருளர்களை விட நன்றாக அறிந்தவர் யார்? அந்த இருளர்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பின் விஷத்தை எடுத்து, விஷமுறிவு ஊசி தயாரிக்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். நாடெங்கும் அரசு மருத்துவமனையில் போடும் ஊசியில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. பழங்குடி அறிவை மதிக்கிறேன் என்பவர்கள், கடிபட்டதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் உண்மையான மரியாதை.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி. இதை எடுத்தால் எனக்கு வசவு நிச்சயம், பரவாயில்லை. அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் குணமானது போலத்தான் இருக்கும். ஹெபடைடிஸ் பி வேறு கதை. அது சிலர் உடம்பில் வருஷக்கணக்கில் தங்கிக் கல்லீரலைக் கெடுக்கும். இதற்குக் கீழாநெல்லி உதவுமா என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் முறையாகச் சோதித்து, 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

இதில் யார் யாரை மறைத்தார்கள்? தமிழ்நாட்டுச் செடி, தமிழ்நாட்டு விஞ்ஞானிகள், உலகின் பெரிய மருத்துவ இதழ். வெளிநாட்டுக்காரன் கதவைத் திறந்துதான் வைத்திருந்தான். மறுபடி செய்தபோது நிற்கவில்லை, அவ்வளவுதான். ஃபார்வர்டில் 1988 மட்டும் வரும், அதற்குப் பிறகு நடந்தது வராது. இன்னொன்று, பித்தக்கல்லாலும் கணையப் புற்றுநோயாலும்கூடக் கண் மஞ்சளாகும். மூக்கில் சொட்டு விட்டு மூன்று வாரம் காத்திருந்தால், ஆபரேஷன் செய்ய வேண்டிய காலம் போய்விடும்.

இப்போது சர்க்கரை. நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நம் உறவிலேயே ஒருவர், பெயர் வேண்டாம், குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், எட்டு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூக் கஷாயமும் நித்தியகல்யாணிப் பூவும் சாப்பிட்டார். உடம்பு லேசாக இருக்கிறது என்றார். சர்க்கரை ஏறும்போது ஆரம்பத்தில் உடம்பு இளைக்கும், அந்த லேசுதான் அது. செருப்பு கடித்த சின்னக் காயம் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுக்க ஷூ கம்பெனியில் அப்பர் தைத்த மனிதர். உலகத்துக்கெல்லாம் காலணி செய்து அனுப்பிய கையோடு, தன் காலைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அந்தச் செய்தியை அனுப்பியவரும் இந்தப் பதிவைப் படிப்பார். நான் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, அன்பால்தான் அனுப்பினார். ஆனால் அன்பு அளவைச் சொல்லாது, ரத்தத்தில் சர்க்கரையைக் காட்டாது.

நித்தியகல்யாணியின் கதை தெரியுமா? மடகாஸ்கர் செடி. பல நாடுகளில் நாட்டு வைத்தியத்தில் சர்க்கரைக்குச் சொல்வார்கள். ஜமைக்காவிலிருந்து அந்த இலை கனடாவுக்குப் போனது. 1950-களில் அங்கே ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் அதைச் சோதித்தார்கள். சர்க்கரைக்குப் பெரிய பலன் தெரியவில்லை. ஆனால் எலிகளின் ரத்த வெள்ளையணுக்கள் சரிந்துவிட்டன. அதைப் பிடித்துக்கொண்டு போய் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. இவ்வளவு பெரிய செடியைத்தான் காலையில் வெறும் வயிற்றில் ஐந்து பூ என்று மென்றுகொண்டிருக்கிறீர்கள். வெள்ளையணுவைக் குறைக்கும் சரக்குள்ள செடியை, ஏற்கனவே காயம் ஆறாத சர்க்கரைக்காரர் ஏன் மெல்ல வேண்டும்?

ஆவாரம்பூ அவ்வளவு ஆபத்தானது இல்லை. எலிகளில் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. டீ போலக் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரைக்குப் பதிலாக என்றுதான் வேண்டாம். நீங்கள் தூக்கிப் போடும் அந்த மெட்ஃபார்மின் மாத்திரைக்கே பூர்வீகம் ஒரு மூலிகைதான். ஐரோப்பாவில் பிரெஞ்சு லைலாக் என்ற செடியை நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்தினார்கள். அதில் இருந்த பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் விஷமாகவும் இருந்தது. அதன் உறவான, விஷம் குறைந்த ஒன்றை 1922-இல் ஆய்வகத்தில் செய்தார்கள். 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். மூலிகையை விஷம் நீக்கி, அளவு கட்டி, விலை குறைத்து உங்கள் கையில் கொடுத்தால், அது இங்கிலீஷ் மருந்து என்று வீசிவிட்டு விஷம் நீக்காத மூலிகையைத் தேடுகிறீர்கள்.

நம் மாவட்டத்துக்கே இதில் ஒரு பெரிய பாடம் உண்டு. தொழுநோய்க்கு நம் நாட்டில் காலங்காலமாக நீரடிமுத்து எண்ணெய் இருந்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைக் கேலி செய்யவில்லை, எடுத்துக்கொண்டார்கள், ஊசியாகவும் போட்டார்கள். நோயாளிகள் வலியோடு வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். 1940-களில் டாப்சோன் வந்தது. அது நன்றாக வேலை செய்ததும் எண்ணெயைக் கீழே வைத்தார்கள். டாப்சோனுக்கும் கிருமி பழகிவிட்டது என்று தெரிந்ததும், 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். 1955-இல் தொடங்கிய காரிகிரி மருத்துவமனை, உணர்ச்சியற்ற கால்களுக்கு மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புக் கொடுத்தது. இன்று சர்க்கரைக்காரர்கள் போடுவதும் அந்த வகைச் செருப்புத்தான். எண்ணெயைப் பிடித்துத் தொங்கியிருந்தால் இன்றைக்கும் நம் தெருக்களில் விரலற்ற கைகள் நீண்டுகொண்டிருக்கும்.

இன்னொரு கேள்வி யாரும் கேட்பதில்லை. அந்த மூலிகையை எங்கே பறித்தீர்கள்? பாலாற்றங்கரையிலா? டேனரிக் கழிவு வாய்க்கால் ஓரத்திலா? பட்டையை விட்டுவிட்டு நம் தொழில் குரோமுக்கு மாறியது. வேலை சீக்கிரம் முடிந்தது, தோல் மென்மையாக வந்தது, கழிவு மண்ணிலும் ஆற்றிலும் இறங்கியது. 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இருந்தது. தோல் பதனிட்ட ஆவாரை இன்று தோல் கழிவில் வேர் விட்டு நிற்கிறது. செடி மண்ணில் உள்ள உலோகத்தையும் உறிஞ்சும். குரோமியம் பெரும்பாலும் வேரில்தான் தங்கும். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைக்கச் சொல்கிறது உங்கள் செய்தி. அதை இயற்கை என்று எந்த வாயால் சொல்வது?

இதே மாசுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் இந்தியா முழுக்க அதைப் படிக்கிறார்கள். அதில் ஒரு கொள்கை உண்டு, முன்னெச்சரிக்கைக் கொள்கை. தீங்கு வரும் என்று பாதிக்கப்பட்டவன் நிரூபிக்க வேண்டியதில்லை, தீங்கில்லை என்று செய்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும். நம் ஆற்றுக்காக வாங்கிய நீதியை நம் உடம்புக்கும் பயன்படுத்துவோம். கேப்ஸ்யூல் விற்கிறவர் நிரூபிக்கட்டும். "தப்பு என்று நீங்கள் நிரூபியுங்கள் டீச்சர்" என்று என்னிடம் வராதீர்கள்.

"அலோபதியிலும் பக்க விளைவு இருக்கிறதே?" இருக்கிறது. அதைத் தாளில் அச்சடித்து டப்பாவுக்குள் வைக்கிறார்கள். உங்கள் கேப்ஸ்யூல் டப்பாவில் அந்தத் தாள் எங்கே?

"மருந்துக் கம்பெனி லாபம் பார்க்கிறதே?" பார்க்கிறது, கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிப்போம். போன் நம்பர் போட்டவர் தர்மத்துக்கா விற்கிறார்?

"அப்போ சித்த மருத்துவமே பொய்யா?" இல்லை. ஐந்தரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அரசு மருத்துவமனையிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. அவர்களிடம் போய்க் கேளுங்கள். சரக்கைச் சுத்தி செய்யும் முறை, அளவு, அனுபானம், பத்தியம், யாருக்கு ஆகாது என்று ஒவ்வொன்றையும் சொல்வார்கள். அவ்வளவையும் வெட்டிவிட்டுச் செடிப் பெயரை மட்டும் அனுப்பும் ஃபார்வர்டு, சித்த மருத்துவத்துக்கே செய்யும் துரோகம்.

எனவே, பரீட்சைக்கு முன் எழுதிப் போடுவேனே, அதுபோல நான்கு வரிகள்:

1. சர்க்கரை, பிரஷர், வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை எந்த மூலிகைக்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மூலிகை ஏதாவது எடுத்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ஒரேயடியாகக் கீழே தள்ளவும் கூடும்.

2. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், பச்சிலை தேடாமல் நேராக ஆஸ்பத்திரி.

3. கழிவு வாய்க்கால், ஆற்றங்கரை, ரயில் பாதை ஓரம் பறித்த எதையும் சாப்பிடாதீர்கள். செடியை உறுதியாக அடையாளம் தெரியாவிட்டால் தொடவே வேண்டாம்.

4. ஃபார்வர்டு செய்யும் முன் நான்கு கேள்வி: எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு ஆகாது? இந்த நான்குக்கும் பதில் இல்லாத செய்தியை அழித்துவிடுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ஆதாரத்தோடு எழுதினால் பதில் சொல்வேன். "நம்பினால் நம்புங்கள்" என்று எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன், கை இன்னும் நடுங்கவில்லை.

எல்லாரும் நலமாக இருங்கள். இந்த மாதம் சர்க்கரை பார்க்காதவர்கள் நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பயாலஜி டீச்சர்